வழக்காளிக்கும் எதிராளிக்கும் ஒரே மேசை

எங்கள் பிரதேச சபையின் போன ஐப்பசி அமர்வுக்கு நான் போனது உண்மையில் தெருவிளக்குக்காக. எங்கள் ஒழுங்கையில் மூன்று மின்குமிழ் எரியாமல் ஏழு மாதம். கடிதம் கொடுத்துப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. சரி, நேரில் போய்ப் பின் வாங்கில் குந்தியிருந்தால் எங்கள் வட்டார உறுப்பினருக்காவது வெட்கம் வந்து எழும்பிக் கேட்பார் என்று ஒரு நம்பிக்கை. விளக்கு இன்னும் எரியவில்லை. அன்றைக்கு அங்கே பார்த்த வேறொன்றுதான் மூன்று வாரமாக மண்டைக்குள் கிடந்து உருளுகிறது.

வன்னியில் ஒரு பிரதேச சபை. எது என்று சொல்லப் போவதில்லை, சொன்னால் பத்து நிமிடத்தில் ஆளும் பேரும் வந்துவிடும். நான் முப்பது வருடம் உள்ளூராட்சிக் கந்தோர்களில் கோப்புக் கட்டியவன், கடைசிச் சில வருடங்கள் இதே கட்டடத்தில்தான், 2021இல் அறுபது முடிந்து வீட்டுக்கு வந்தேன். அதனால் எனக்கு மண்டபத்தில் இருக்கிறவர்களின் முகத்தைவிட நிகழ்ச்சிநிரலின் முகம் நன்றாகத் தெரியும். எந்த விடயத்தை எந்த இடத்தில் போட்டால் என்ன அர்த்தம் என்று தெரியும். பெரிய விடயம் ஒன்றை 'ஏனையவை' என்ற தலைப்புக்குக் கீழே, தேத்தண்ணி வருகிற நேரத்துக்குக் கிட்டவாகப் போட்டிருந்தால், அதை ஒருவரும் அதிகம் பார்க்கக் கூடாது என்று யாரோ விரும்புகிறார்கள்.

அன்றைக்கு 'ஏனையவை'யில் மூன்றாவதாக ஒரு வழக்கு இலக்கம் மட்டும் இருந்தது. பெயர் இல்லை. "மேற்படி வழக்கை இணக்கமாக முடித்துக்கொள்வது தொடர்பாக."

அந்த இலக்கம் எனக்கு மனப்பாடம். அதன் கோப்பில் நான் எழுதிய கடிதமும் இருக்கிறது, அந்த வெட்கத்துக்குப் பிறகு வருகிறேன்.

கதை 2018 மார்கழியில் தொடங்கியது. அந்த வெள்ளத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள், இரணைமடுக் குளத்துக் கதவுகளைத் திறந்துவிட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சனம் இரவோடு இரவாகப் பள்ளிக்கூடங்களுக்கு ஓடிய வெள்ளம். எங்கள் பக்கத்தில் ஒரு குடியிருப்பில் இடுப்பளவு தண்ணீர், போக வழியில்லை. வழி ஒன்றுதான் இருந்தது, தாழ்வாகக் கிடந்த ஒரு காணிக்கூடாக வெட்டிவிட்டால் பின்னால் இருக்கிற குளத்து வாய்க்காலில் போய் விழும். காணிக்காரரைக் கேட்டார்கள். அவர் ஓம் என்றார். அந்த நேரத்தில் யார்தான் இல்லை என்பார்கள்? ஆனால் அவர் ஓம் என்றது மண்வெட்டியால் வெட்டுகிற அளவுக்கு. சபை கொண்டுவந்தது மண் வெட்டுகிற பெக்கோ இயந்திரம். கதியால் வேலி ஒரு பக்கம் முழுதாகப் போனது, பயன்தரும் தென்னை ஏழு போனது, அடுத்த மாரியோடு வெட்டின கரை அரித்து அரித்துக் கிணற்றுக் கட்டும் சரிந்தது. தற்காலிகம் என்று வெட்டின வாய்க்கால் இன்றைக்கும் அப்படியே ஓடுகிறது. சொல்லப்போனால் அது இல்லாவிட்டால் ஒவ்வொரு கார்த்திகையும் அந்தக் குடியிருப்பு தண்ணிக்குள்தான்.

அவர் முதலில் வழக்குக்குப் போகவில்லை. கடிதம்தான் கொடுத்தார், 2019 தொடக்கத்தில். வேலியை அடைத்துத் தாருங்கள், தென்னைக்கு ஏதாவது பாருங்கள், வாய்க்கால் கரையைக் கட்டித் தாருங்கள். அவ்வளவுதான். எல்லாம் சேர்த்தாலும் அந்த நேரத்து விலைக்கு இரண்டு லட்சத்துக்குள் அடங்கியிருக்கும். அதற்குப் பதில் எழுதச் சொன்னார்கள், நான் தட்டச்சு செய்தேன்: "தங்கள் கடிதம் கவனத்திற் கொள்ளப்பட்டுள்ளது." கந்தோர் பாசையில் இந்த வசனத்துக்கு என்ன கருத்து என்று கந்தோரில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். நான் அந்தக் கடிதத்தைக் கையெழுத்துக்கு வைத்தபோது ஒரு குறிப்பாவது எழுதியிருக்கலாம், பக்கத்து மேசைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரை ஒருக்கால் போய் அளந்து பார்க்கச் சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு விழுந்தது.

அப்புறம் நடந்ததை எல்லோரும் ஊகிக்கலாம். உயிர்த்த ஞாயிறு, கொரோனா, 2022இல் பெற்றோல் இல்லாமல் சட்டத்தரணி வர முடியாத தவணைகள். 2019இல் ஆயிரம் ரூபாய் அளவில் விற்ற சீமெந்துப் பை 2022இல் மூவாயிரத்தைத் தொட்டது, அவர் கேட்ட தொகையும் அதோடு ஏறி ஏறிப் பதினைந்து லட்சத்தில் வந்து நின்றது. 2023 பங்குனியில் நாடு முழுக்கச் சபைகள் கலைந்தன, தேர்தலுக்குக் காசில்லை என்றார்கள், அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆவணியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, கடைசியில் 2025 வைகாசி 6ஆம் திகதிதான் வாக்குப் போட்டோம். இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை, ஆனால் வழக்கு இருந்தது. பிரதேச சபை என்பது 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கச் சட்டப்படி ஒரு சட்ட ஆள், அது வழக்குப் போடலாம், அதன் மேல் வழக்குப் போடலாம், உறுப்பினர்கள் வருவார்கள் போவார்கள், அது சாகாது.

அந்த வைகாசித் தேர்தலில் வழக்காளி தேர்தல் கேட்டார். வென்றார். ஏன் கேட்டீர்கள் என்று யாராவது விசாரித்தால் ஒளிக்காமல் சொல்வார், ஆறு வருசமாக அந்தக் கந்தோர்ப் படியேறிக் களைச்சுப்போனன், உள்ளுக்குப் போய் இருந்து பார்ப்பம் எண்டு நினைச்சன் என்று. எங்கள் வட்டார உறுப்பினர் அவர்தான். தெருவிளக்குக்குப் பொறுப்பும் அவர்தான்.

இப்போது மண்டபத்துக்கு வருவோம்.

தவிசாளர் இலக்கத்தை வாசித்தார், சபைச் சட்டத்தரணியின் கடிதத்தில் இரண்டு பந்தி வாசித்தார். வழக்கைத் தொடர்ந்து நடத்தினால் செலவு கூடும், சாட்சிகளில் ஒருவர் வெளிநாடு போய்விட்டார், வழக்காளி ஆறரை லட்சத்துக்கு இறங்கி வந்திருக்கிறார், வாய்க்கால் கரைக்குச் சபை கொங்கிறீற் போட்டுக் கொடுத்தால் வழக்கை முடித்துக்கொள்ளலாம். நியாயமான கடிதம். நான் சட்டத்தரணியாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

ஒரு பெண் உறுப்பினர் கையை உயர்த்தினார். இருபத்தைந்து வீத ஒதுக்கீட்டில் வந்தவர், முன்பள்ளி ஆசிரியை, முதல் மூன்று அமர்விலும் வாயே திறக்கவில்லை என்று சொல்வார்கள். "தவிசாளர் அவர்களே, இந்த வழக்கில வழக்காளி ஆர்?"

மண்டபத்தில் இருந்த கடைசி ஆளுக்கும், தேத்தண்ணி கொண்டுவந்த பிள்ளைக்கும்கூட அது தெரியும். ஆனால் ஒருவரும் சொல்லவில்லை. வழக்காளி கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் கோப்பைப் புரட்டினார், பெயர் அதில் முதல் பக்கத்திலேயே இருக்கும், ஆனாலும் புரட்டினார்.

கடைசியில் வழக்காளியே எழும்பினார். "நான்தான். ஒளிக்க ஒண்டும் இல்லை. நான் இதில கதைக்க மாட்டன், கையும் உயர்த்த மாட்டன். இருந்து கேட்கிறன், அவ்வளவுதான்."

தவிசாளர் நிம்மதியாகத் தலையாட்டினார். பிறகு வழக்கு நிலுவையில் இருப்பதால் தொகை பற்றிய விடயங்கள் வெளியே போகக் கூடாது என்றும், பார்வையாளர்களும் ஊடக நண்பர்களும் கொஞ்ச நேரம் வெளியே இருக்க வேண்டும் என்றும் பணிவாகக் கேட்டுக்கொண்டார். நானும், ஒரு பத்திரிகைத் தம்பியும், மலசலகூடப் பிரச்சினைக்கு வந்திருந்த சந்தைக்காரர் இரண்டு பேரும் எழும்பி வெளியே வந்து மாமரத்துக்குக் கீழே நின்றோம்.

மாமரத்துக்குக் கீழே நின்று இரண்டு நிமிடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. ஒரு வழக்கில் இரகசியம் யாருக்கு எதிராக? எதிர்த்தரப்புக்கு எதிராக. நாங்கள் எவ்வளவு வரை இறங்குவோம், எங்கள் சாட்சி எவ்வளவு பலவீனம், இதெல்லாம் எதிர்த்தரப்பின் காதுக்குப் போகக் கூடாது, அதற்காகத்தான் கதவு சாத்துவது. இங்கே சோலைவரி கட்டுகிற நாங்கள் மரத்துக்குக் கீழே, எதிர்த்தரப்பு உள்ளே மின்விசிறிக்குக் கீழே. பத்திரிகைத் தம்பியிடம் சொன்னேன், அவன் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். யன்னல் திறந்துதான் இருந்தது, உள்ளே கதைத்ததில் பாதி கேட்டது, அது வேறு கதை.

கை உயர்த்த மாட்டேன் என்று அவர் சொன்னது நேர்மையாகத்தான். எனக்கு அவரைத் தெரியும், மனைவி வழியில் தூரத்துச் சொந்தமும்கூட. ஆனால் ஒரு ஆள் கதிரையில் சும்மா இருப்பதும் ஒரு பேச்சுத்தான். 'அந்த ஏழு தென்னையில் இரண்டு முன்னமே பட்டுப்போனது' என்று சொல்ல நினைத்த ஒருவர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்வாரா? நாளைக்குக் கோயில் திருவிழாவில் பக்கத்தில் நிற்க வேண்டும். தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்ற பழைய விதி கையை மட்டும் பார்க்கிறதில்லை, ஆளையும் பார்க்கிறது.

இன்னொன்றும் இருந்தது, அதைத்தான் உள்ளே யாரும் சொல்லவில்லை, வெளியே தேத்தண்ணிக் கடையில் எல்லோரும் சொன்னார்கள். எங்கள் சபையில் யாருக்கும் தனிப் பெரும்பான்மை கிடையாது. தவிசாளர் கதிரை இரண்டு கை வித்தியாசத்தில் நிற்கிறது. அடுத்து வருவது பாதீடு. ஒரு கை மற்றப் பக்கம் மாறினால் சமநிலை, இரண்டு கை மாறினால் தோல்வி. இந்த நேரத்தில், ஆறு வருடம் யாரும் தொடாத வழக்குக் கோப்பு திடீரென்று தூசு தட்டப்பட்டு 'ஏனையவை'யில் வந்து உட்கார்ந்தால் சனம் என்ன நினைக்கும்? உண்மை அப்படி இல்லாமல் இருக்கலாம். சட்டத்தரணியின் கடிதத்தில் திகதி ஆடி மாதம், நானே பார்த்தேன், அப்போது பாதீட்டுக் கதையே இல்லை. ஆனால் அந்தத் திகதியை யாரும் சபையில் வாசிக்கவில்லையே.

கடையில் ஒருவர், காசு வாங்கினால் அவருக்குச் சீற் போய்விடும் என்று அடித்துச் சொன்னார். சபையோடு ஒப்பந்தம் வைத்துப் பலன் பெறுகிறவர் உறுப்பினராக இருக்க முடியாது என்று உள்ளூராட்சித் தேர்தல் சட்டத்தில் இருக்கிறது, அது உண்மை, ஆனால் அது றோட்டு வேலை எடுக்கிற, சந்தைக் குத்தகை எடுக்கிற உறுப்பினர்களை மனதில் வைத்து வந்தது. வேலி உடைத்ததற்கு நட்டஈடு கேட்பதும் கிறவல் பறிக்கிற கேள்விமனு எடுப்பதும் ஒன்றாக முடியாது. இணக்கமும் ஒரு உடன்படிக்கைதானே என்று ஒரு பிரக்கிராசியார் வாதாடினால் அதற்கு இரண்டு தவணை போகும், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் காசு கொடுக்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உறுப்பினராகிவிட்டார் என்பதற்காக ஒருவரின் வேலியும் கிணறும் பொய்யாகிவிடாது. சொல்லப்போனால் சபைகள் இப்படியான வழக்குகளை இணங்கி முடிக்காமல் இழுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, வெளியே இருக்கிறவர்களுக்கு அது விளங்காது. இணங்கிக் காசு கொடுத்தால் அதற்குக் கீழே யாரோ ஒருவரின் கையெழுத்து இருக்க வேண்டும். நாளைக்குக் கணக்காய்வு வந்து ஏன் ஆறரை, ஏன் நாலு இல்லை என்று கேட்டால், கூடுதலாகப் போன காசைத் தீர்மானம் எடுத்தவர்களிடமே அறவிடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வழக்கில் தோற்றால் அந்தப் பயம் இல்லை, நீதிமன்றம் சொன்னது, கொடுத்தோம். அதனால் உத்தியோகத்தர்களுக்கு ஆறரை லட்சத்துக்கு இணங்குவதைவிடப் பத்து லட்சத்துக்குத் தோற்பது சுகம். நானும் அந்தச் சுகத்தில் இருந்தவன்தான். இரண்டு லட்சத்தில் முடிந்திருக்க வேண்டியதை 'கவனத்திற் கொள்ளப்பட்டுள்ளது' என்று எழுதி ஆறரை லட்சமாக்கியதில் என் விரலுக்கும் பங்கு இருக்கிறது.

குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 408ஆம் பிரிவுப்படி இரண்டு தரப்பும் இணங்கியதை நீதிமன்றத்துக்கு அறிவித்தால் நீதிபதி அதையே தீர்ப்பாக்கிப் பதிவார், அதற்குப் பிறகு அந்த விடயம் முடிந்த முடிவு. நல்ல வழி. ஆனால் நீதிபதி இரண்டு தரப்பும் இரண்டு பக்கமாக இழுத்துத்தான் இந்தப் புள்ளிக்கு வந்திருக்கிறார்கள் என்று நம்பித்தான் பதிவார். ஏழு தென்னையா ஐந்து தென்னையா என்று அவர் வந்து எண்ணப் போவதில்லை. எண்ண வேண்டியது சபை. அந்தச் சபையில் வழக்காளிக்கும் ஒரு கதிரை. இழுக்க வேண்டிய கயிற்றின் இரண்டு நுனியும் ஒரே மேசையில் கிடக்கிறது.

யன்னலுக்கால் கேட்டதையும் பிறகு கடையில் கேட்டதையும் சேர்த்தால் நடந்தது இதுதான். அந்த ஆசிரியை விடவில்லை. வழக்காளி வெளியே போனால்தான் நான் கதைப்பேன் என்று நின்றார். வேறு ஒருவர், சொந்தக்காரர் எல்லாம் வெளியே போக வேண்டும் என்றால் மண்டபத்தில் மின்விசிறி மட்டும்தான் மிஞ்சும் என்றார். அதுவும் பொய்யில்லை, வன்னியில் சொந்தம் இல்லாத ஆளைத் தேடுவதென்றால் யாழ்ப்பாணத்தில் இருந்து பஸ்ஸில் கொண்டுவர வேண்டும், அங்கேயும் சொந்தம் இருக்கும். ஆனால் ஆசிரியை கேட்டது சொந்தக்காரரை இல்லை, காசு வாங்கப்போகிற ஆளை. கடைசியில் முடிவெடுக்காமல், மூன்று பேர் கொண்ட குழு ஒன்று போய் இடத்தைப் பார்த்து அடுத்த அமர்வுக்கு அறிக்கை தருவது என்று தீர்மானமாகியது. உறுப்பினர் அல்லாத ஊரவர்களையும் குழுவில் போட பிரதேச சபைச் சட்டம் இடம் கொடுக்கிறது, இந்த மூன்று பேரும் உறுப்பினர்கள்தான். ஓய்வுபெற்ற ஒரு பள்ளிக்கூட அதிபரையோ, நீர்ப்பாசனத்தில் வேலை செய்த ஒருவரையோ சேர்த்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அன்றிரவு எட்டு மணிக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. வழக்காளிதான். விளக்கில்லாத ஒழுங்கையில் தட்டுத்தடுமாறி வந்திருக்கிறார், அதை நான் சொல்லிக் காட்டவில்லை, மனதுக்குள் மட்டும் சந்தோசம்.

"அண்ணை, நான் என்ன பிழை விட்டனான்? கதைக்கேல்லை, கை உயர்த்தேல்லை. வேறை என்ன செய்யோணும்?"

"வெளியில வந்து எங்களோட மாமரத்துக்குக் கீழ நிண்டிருக்கோணும்," என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார், தான் வெளியே போயிருந்தால் உள்ளே தன் காணியைப் பற்றி என்ன கதைப்பார்கள் என்று பயந்ததாக. ஆறு வருடம் அந்தக் கந்தோரில் தன்னைப் பற்றி மூடின கதவுக்குள்தான் கதைத்தார்களாம், முதல் தடவையாக உள்ளே இருக்கிறேன், எழும்ப மனம் வரவில்லை என்றார். எனக்கு உடனே சொல்ல ஒன்றும் வரவில்லை. அந்தக் கதவுக்கு உள்பக்கம் இருந்து தட்டச்சு செய்தவன் நான் என்பதை அன்றைக்குத்தான் அவருக்குச் சொன்னேன். "தெரியும் அண்ணை, அடியில உங்கட பேரின்ர முதலெழுத்து இருக்கு" என்றார். தெரிந்துதான் இவ்வளவு காலமும் என் வீட்டில் தேத்தண்ணி குடித்திருக்கிறார்.

அடுத்த அமர்வில் அந்த விடயம் வரும்போது எழும்பி வெளியே போவதாகவும், தொகையையும் சட்டத்தரணியின் கடிதத் திகதியையும் கூட்டறிக்கையில் போடச் சொல்லித் தானே எழுதிக் கொடுப்பதாகவும் சொன்னார். நான் சொன்னேன், தீர்ந்த பிறகு தொகையை ஒளித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நானே விண்ணப்பம் போடுவேன், பதினான்கு வேலை நாளில் பதில் தர வேண்டும், உம்மட பேர் இருக்கெண்டு பயப்பட மாட்டன் என்று. சிரித்தார்.

அவர் போக எழும்பின நேரம்தான் பக்கத்து வளவு ஆச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். காது கேட்காது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தவர். "தம்பி, அதே பெக்கோ எங்கட பக்கத்தாலையும்தானே போனது. ரெண்டு முருங்கை, பூவரசங் கதியால் முழுக்க. எனக்கு ஆர் தாறது? நானும் எலெக்சன் கேட்டிருக்கோணும் போல."

உண்மை. அந்த வாய்க்கால் ஓடுவது நாலு வளவுக்குக் கூடாக. வழக்குப் போட்டது ஒருவர். மற்ற மூன்று பேரின் பெயர் சபைக் கோப்பில் எந்த இடத்திலும் இல்லை, எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலை ஆச்சியின் கடிதத்தை எழுதினேன். முப்பது வருடம் பதில் எழுதின கைக்குக் கோரிக்கை எழுதுவது கொஞ்சம் சிரமமாக இருந்தது. செயலாளருக்கு விலாசம் இட்டு, கீழே 'பிரதி: வட்டார உறுப்பினர்' என்று போட்டேன். உறுப்பினரே வந்து கடிதத்தை வாங்கிக்கொண்டு போனார், பின்னேரம் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை குத்திய பிரதியோடு திரும்பி வந்தார். ஆச்சி அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். திகதி என்றேன். பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.